ரெண்டு கையும் நான்தான் வெச்சேன்

முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நடந்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, மறந்துவிட வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், சொல்வது யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். மறக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் செய்தவர்கள்தான். பட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எப்பவோ நடந்தது அத்தே, வுடுங்க, பிரஷர் ஏறும்" என்கிறாள் என் மருமகள். ஏறட்டும். போன மாதம் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஏறித்தான் இருக்கிறது. அங்கே நான் செய்த காரியத்தை இன்னும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்களாம். அவர்கள் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவதற்குள் நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு பொம்மைச் சட்டையின் கையைப் பற்றியது. கை என்றால் சட்டைக் கை. இதை ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு தாண்டி ஒரு மீனவர் குப்பம். வலை காயப்போடும் மணலுக்குப் பக்கத்தில் ஊருக்குப் பொதுவாக ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. அதில்தான் தையல் சென்டர். மீஞ்சூரிலிருந்து தையல் டீச்சர் பஸ்ஸில் வருவார். பாதி வழியில் திருப்பாலைவனத்தோடு பஸ் நின்றுவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பெண் பிள்ளைகள் நாங்கள் ஓடுவோம். உள்ளே நுழைந்தால் மிஷின் எண்ணெய் வாசனை, புது பாப்ளின் துணியின் கஞ்சி வாசனை, ஜன்னல் வழியாக வெளியே காயும் கருவாட்டு வாசனை மூன்றும் சேர்ந்து வரும். இப்போதும் துணிக்கடைக்குள் போனால் மூன்றாவது வாசனை எங்கே என்று என் மூக்கு தேடுகிறது.

அந்த வருஷம் மெட்ராசில் ஒரு கண்காட்சி விற்பனைக்கு அனுப்ப டீச்சர் எங்களைத் துணிப் பொம்மை செய்யச் சொன்னார். தையல்கடையில் விழும் துண்டுத் துணிதான் பொம்மையின் வயிற்றுக்குள். கறுப்புக் கம்பளி நூல் தலைமுடி. சட்டை தைப்பது பெரிய வேலையில்லை. கைதான் உயிரை வாங்கியது. பொம்மைச் சட்டையின் கை கட்டை விரல் அளவுதான் இருக்கும். மிஷின் ஊசி அதற்குள் போகாது. கையால் தைத்தால் திருப்ப முடியாது, திருப்பினால் பிரியும். கையே வேண்டாம் என்று கொஞ்ச நாள் வெறும் தோளோடு விட்டுப் பார்த்தார் டீச்சர். பொம்மைகளெல்லாம் உரித்த கோழி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பிறகுதான் குரோஷா ஊசி வந்தது. ஒரு சாண் நீள இரும்புக் குச்சி, முனையில் குட்டியாக ஒரு கொக்கி. சட்டையின் தோள் ஓரத்தில் வெள்ளை நூலைக் கோர்த்து இழுத்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே மணிக்கட்டு வரைக்கும் இறங்க வேண்டும். தைக்கவே வேண்டாம், கை தானாக வளரும். மற்ற பிள்ளைகளுக்கு அது முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி வந்தது. எனக்கு முதல் நாளே ஒழுங்காக வந்தது. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. என் அம்மா கிழிந்த வலைக்குக் கண் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கே கண்ணைக் கூட்டினால் வலை விரியும், எங்கே குறைத்தால் ஒடுங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோளில் கண்ணைக் கூட்டினேன், பஃப் கை வந்தது. கீழே போகப் போகக் குறைத்தேன், மணிக்கட்டைப் பிடித்தது. என் கட்டை விரலை உள்ளே விட்டுப் பார்ப்பேன். விரலில் ஏறினால் பொம்மைக்குச் சரி.

கடைசியில் நூலை முடிக்கும்போது மட்டும் டீச்சர் சொன்னபடி செய்யவில்லை. நூல் நுனியைப் பின்னலுக்குள் ஓட்டி வெட்டச் சொன்னார். என் அம்மா, வெளியே தெரியாமல் உள்பக்கமாக ஒரு வலை முடிச்சு போடச் சொல்லிக்கொடுத்தார். இழுத்தால் இறுகும், எங்கே குத்தி நெம்ப வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் அவிழும்.

சென்டரில் நாள் முழுக்கக் காதில் விழுகிற பேச்சு இதுதான். "உன் பொம்மைக்குக் கை வெச்சாச்சா?" "இன்னும் வெக்கல டீச்சர்." "சீக்கிரம் கை வெச்சுட்டு எடுத்தா." அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே கை வைப்பது என்றால் வேறு பொருள் கிடையாது.

எங்கள் ஊர்த் தலைவரின் மகளும் அங்கே படித்தாள். என் வயதுதான். அவள் பின்னிய கைகளை டீச்சர் யாருக்கும் தெரியாமல் என்னிடம் தள்ளி, "பிரிச்சுட்டு நீ வெச்சுடும்மா, பாவம், தலைவர் வீட்டுப் பொண்ணு" என்பார். பாவம் யார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் எல்லாப் பொம்மைக்கும் கை வைத்தேன். அதில் ஒன்று கல்யாணப் பொம்மை. வெள்ளை கவுன், தலையில் வலைத்துணி முக்காடு, முழுக்கை. மணிக்கட்டு ஓரத்தில் சின்னச் சின்னச் சிப்பியாக விரிகிற மாதிரி பின்னியிருந்தேன். ஏரிக்கரையில் பொறுக்கிய சிப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது.

மெட்ராசிலிருந்து ஜீப்பில் சில அம்மாமார்கள் சென்டரைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் அந்தக் கல்யாணப் பொம்மையை எடுத்து, கையைத் தடவிப் பார்த்து, "இது யார் பண்ணது?" என்று கேட்டார். டீச்சர் வாசலைப் பார்த்தார். வாசலில் தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "தலைவர் பொண்ணு" என்றார் டீச்சர். அவளும் கூச்சமே இல்லாமல் கும்பிட்டாள். ஜீப் போன பிறகு டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அதுக்கென்னம்மா, இன்னொரு வாட்டி யாராவது கேக்கும்போது நீயே சொல்லு" என்றார்.

பெரியவர்கள் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் காத்திருந்தேன்.

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி மெட்ராசுக்கு அனுப்புகிற அன்றைக்கு, கல்யாணப் பொம்மை பீரோவில் இல்லை. டீச்சர் அழுதுவிட்டு, தலைவரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. பொம்மை காணோம் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பூவரச மரத்தடியில் ஊர்க்கூட்டம், சென்டர் பிள்ளைகள் எல்லாம் வர வேண்டும் என்று மட்டும் ஆள் வந்து சொன்னது. மெட்ராஸ் அம்மாமார்கள் மறுபடி கேட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர் ஆண்கள் மணலில். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கக் கேட்டார்:

"அந்தக் கல்யாணப் பொம்மைல கை வெச்சது யாரு?"

நீங்களே சொல்லுங்கள். நான் வேறு எப்படிப் புரிந்துகொண்டிருப்பேன்?

"நான்தான் தலைவரே!" என்று துள்ளி முன்னால் போனேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. தலைவர் கண்ணைச் சுருக்கினார். "நீயா? நல்லா யோசிச்சு சொல்லு. கூட வேற யாருனா உண்டா?"

"யாரும் இல்ல. ரெண்டு கையும் நான்தான் வெச்சேன்."

"ரெண்டு கையும் வெச்சியா!" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அந்த ஒரு பொம்மைலதானா?" என்றார் தலைவர்.

"இல்ல தலைவரே, எல்லாப் பொம்மைலயும் நான்தான். உங்க பொண்ணு பேரைச் சொல்வாங்க, அது பொய்யி. அவ கை வெக்கவே இல்ல."

தலைவரின் முகம் கறுத்தது. "எம் பொண்ணை ஏன் இதுல இழுக்கற? உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மா. வெளிய தெரியாத மாரி எப்டி முடிக்கறதுன்னு எங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

"அடியம்மா!" என்றார் ஒருவர். தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "சரி, பொம்மை இப்ப எங்க கீது?"

"அதான் மெட்ராசுக்குப் போயிருக்குமே" என்றேன்.

அதுவரை சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பொம்மையைத் திருடி மெட்ராசில் விற்றாயிற்று, அதுவும் தாய் சொல்லிக்கொடுத்து. ஊரே கேட்டது, அவளே ஒத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன விசாரணை?

என் நைனா கூட்டத்தின் ஓரத்தில் தோளில் வலையோடு நின்றிருந்தார். வலையை மணலில் இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்புதான் தலைவரே. கொயந்தை. மன்னிச்சுடுங்க." அந்தக் கும்பிட்ட கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே கும்பிட்டார்.

எங்கள் ஏரியில் இறாலுக்குப் பாடு உண்டு. பாடு என்றால் முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற நல்ல இடங்களில் எந்த நாள் எந்த வீடு வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மழை மாதங்களில் கிடைக்கிற அந்த முறையை நம்பித்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அன்றைக்குத் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "இந்த சீசன் பூரா உன் வூட்டுக்குப் பாடு இல்ல." வெற்றிலைத் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்தது. தட்டு சுற்றிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது, திரும்ப எடுக்கக் கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

நைனா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு சித்தி, "இந்த வயசுலயே திருட்டா" என்று மோவாயில் கை வைத்தபோதுதான் ஏதோ கோணலாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். நைனா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாடு பூட்ச்சு. உம் பொண்ணு பொம்மைல கை வெச்சுட்டாளாம். அவளே சொல்லிட்டா."

அம்மா மீன் கையோடு எழுந்து வந்தார். என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எந்தக் கைடி?" என்று கேட்டார்.

"சட்டைக் கைம்மா" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தைக் கேள்வி. ஊர் ஆண்கள் அத்தனை பேர், வெள்ளைச் சட்டைத் தலைவர், என்னைத் தோளில் சுமந்த நைனா, ஒருவர் வாயிலும் வராத கேள்வி. அம்மா நைனாவைப் பார்த்தார். நைனா சுவரைப் பார்த்தார்.

வீட்டில் அரைகுறையாக ஒரு பொம்மைச் சட்டை இருந்தது. முடித்துக் கொண்டுவரச் சொல்லி டீச்சர் கொடுத்தது. ஒரு கை முடிந்து இன்னொரு கை பாதியில் நின்றது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு, அந்தச் சட்டையின் கையைத் தன் கட்டை விரல் நுனியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. வலை காயப்போடும் கம்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அம்மா கம்பைத் தாண்டிப் போனார். ஆண்கள் வெற்றிலை மென்றபடி எழுந்துகொண்டிருந்தார்கள். அம்மா கட்டை விரலை நீட்டினார்.

"தலைவரே, இதான் கை. எம் பொண்ணு வெச்சது இந்தக் கை."

ஒரு நிமிஷம் எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். யாருக்காவது பளிச்சென்று விளங்கியிருக்க வேண்டாமா? தலைவர் பக்கத்தில் நின்றவர் சட்டையை எட்டிப் பறித்தார். "பாருங்க, இன்னொன்னும் வூட்ல வெச்சிக்கீறாங்க!"

"டீச்சரே குடுத்ததுய்யா. டீச்சரைக் கேளு."

"பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு? தட்டு சுத்திப் பூட்ச்சு, போம்மா" என்றார் தலைவர்.

அம்மா நகரவில்லை. நைனா வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. என்னிடமிருந்த குரோஷா ஊசியையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். தலைவர் வீட்டு வாசல் அந்த மரத்திலிருந்து கூப்பிடு தூரம். தலைவரின் சம்சாரம் அந்த வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் நான்கைந்து நாள் கழித்து வந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அய்யோ, கைன்னா... அய்யோ கடவுளே!" சிரித்துக்கொண்டே தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் விட்டார். அங்கேயும் சிரித்தார்கள். ஆக, நான் திருடவில்லை என்பது அந்த வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நைனா பாடு கேட்கப் போனார். "அதான் தட்டு சுத்திட்ச்சேபா, அடுத்த வருசம் பார்க்கலாம். பொம்மையும் இன்னும் கெடைக்கல பாரு" என்று தோளில் தட்டி அனுப்பினார் தலைவர். தெரியாமல் செய்ததை விடுங்கள். தெரிந்த பிறகு செய்ததற்கு என்ன பெயர்?

அந்த மழைக்காலம் முழுக்க நைனா ஏரியில் கையால் இறால் பிடித்தார். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் சேற்றைத் தடவி, விரலில் படுகிற இறாலை எடுத்துப் போட வேண்டும். பறி என்று பனையோலைக் கூடை, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் அல்லவா. ஏரியைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் பிழைத்தன, அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் வலைக்காரர்கள் அதைக் கேவலம் என்று வைத்திருந்தார்கள். படகில் போகிறவர்கள், "இன்னாபா, நீயும் கை வெச்சுட்டியா?" என்று நைனாவைப் பார்த்துக் கூவிவிட்டுப் போவார்கள். நைனா பல்லில் கயிறு இருந்ததால் பதில் சொல்லவில்லை என்று அம்மா சொல்வார்.

பழக்கமில்லாத விரல்கள். இறாலின் தலைக்கொம்பும் கெளுத்தி முள்ளும் குத்திக் குத்தி நகக்கண் வீங்கி, சோறு பிசையக்கூட முடியவில்லை. அம்மா மஞ்சளைக் குழைத்துத் தடவுவார். உப்புத் தண்ணீர் பட்டால் மறுபடி எரியும். ஒரு நாள் மத்தியானம் நைனா ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்து வாசல் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் தேய்த்தார். நுனியை அரத்தால் அறுத்துக் கொக்கியாக வளைத்து என் மடியில் போட்டார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பியால், வலையில் கழித்த நைலான் நூலை எடுத்து நைனாவின் விரல்களுக்குக் கை பின்னினேன். பொம்மைக்கு வைத்த அதே கைதான். இரண்டு கண் கூட்டி, நெருக்கிப் பின்னினேன். பஃப் வேண்டாம், சிப்பி ஓரம் வேண்டாம். ஒரு விரலுக்கு ஒரு கை. நைனா பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்த்தார். "நீ வெச்ச கை நல்லா கீதும்மா" என்றார். ஊரில் அந்த வார்த்தையைச் சரியான பொருளில் சொன்ன முதல் ஆண் அவர்தான், அதுவும் பாடு போன பிறகு.

சீசன் முடிந்து ஏரி வற்ற ஆரம்பித்தபோது இறால் ஏஜெண்டு ஜீப்பில் வந்தார். கூட அவர் மகள். அவள் இடுப்பில் கல்யாணப் பொம்மை. சிப்பி ஓரத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தேன். விஷயம் இவ்வளவுதான். முன்பு ஒரு நாள் அந்தப் பெண் தலைவர் வீட்டுக்கு வந்தபோது பொம்மை வேண்டுமென்று அழுதிருக்கிறாள். சென்டர் சாவி தலைவர் வீட்டில்தான் தொங்கும். தலைவரின் சம்சாரம் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். மரத்தடியில் என்னை நிறுத்திக் கேட்டபோது, வாசலில் நின்று பார்த்தாரே, அந்த அம்மாள்தான். ஏஜெண்டு சங்கடப்பட்டுப் பொம்மையைத் திருப்பிக் கொடுத்தார். கண்காட்சிதான் எப்போதோ முடிந்துவிட்டதே, பொம்மை தலைவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. "சரி வுடு, பொம்மைதான் கெடைச்சிடுச்சே" என்றார் தலைவர். அதற்காகக் கூட்டம் கூடவில்லை. தட்டு சுற்றவில்லை.

அதன் பிறகு நான் ஊரில் "கைவெச்ச பொண்ணு". கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். செல்லமாகச் சொன்னார்கள். எங்கே கல்யாணம், எங்கே திருவிழா என்றாலும் இந்தத் தமாஷை ஒருவர் எடுப்பார். "ரெண்டு கையும் நான்தான் வெச்சேன்" என்று என் குரலில் சொல்லிக் காட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள், கதை அங்கே முடிந்துவிடும். நைனாவின் விரல் கதைக்குள் வராது. சாகும்வரை அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் முழுசாக மடங்கவில்லை. அது யாருக்கும் தமாஷாக இல்லை போலிருக்கிறது.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன். தலைவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. காதுகுத்து அவர் மகளின் பேத்திக்கு. நான் இப்போது இருக்கிற மீஞ்சூருக்கு அவளே வீடு தேடி வந்து அழைத்ததால் போனேன். மாடி வீடு, பந்தல், மைக்செட். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவள் தம்பி மைக்கைப் பிடித்துவிட்டான். "நம்ம கைவெச்ச அக்கா வந்துக்கீறாங்க, எல்லாரும் பையி பர்ஸு பத்திரம்!" பந்தல் சிரித்தது. பழைய கதையை ஆரம்பித்தான். என் பேரப்பிள்ளைகள் வயதிலிருக்கிற குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அவன் பங்குக்குக் கீச்சுக் குரலில் "ரெண்டு கையும்" என்று சொல்லிக் காட்டினான்.

தலைவர் மகள் உள்ளே போய்க் கண்ணாடி அலமாரியிலிருந்து பொம்மையை எடுத்து வந்தாள். கவுன் பழுத்துப் போயிருந்தது. முக்காடு இல்லை. கைகள் அப்படியே இருந்தன, டீ நிறத்தில். குழந்தைகள் சூழ்ந்துகொண்டன.

"இத்த நான்தான் சின்ன வயசுல பண்ணேன், தெரியுமா?" என்றாள் குழந்தைகளிடம்.

நான் விளையாட்டுப் போலவே கேட்டேன். "கை வெச்சது யாருடி?"

"நான்தான்டி வெச்சேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டு, வெற்றிலைப் பல்லோடு, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். அதே கேள்வி, அதே பதில். ஒருவரும் மூச்சை இழுக்கவில்லை. ஒருவரும் அவளைத் திருடி என்று நினைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைத் திருட்டு என்ற பொருளில் சொல்லத் தகுந்த ஒரே ஆள் அவள்தான், அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"குடு பார்க்கலாம்" என்று வாங்கினேன். மடியில் வைத்துக்கொண்டேன். என் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பொம்மையின் மணிக்கட்டைத் திருப்பினேன். உள்பக்கம், சிப்பி ஓரத்துக்கு அடியில், அம்மாவின் வலை முடிச்சு. எங்கே குத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. நெம்பினேன், அவிழ்ந்தது. நூலைப் பிடித்து இழுத்தேன். குரோஷாவுக்கு அது ஒரு குணம், முடிச்சு போய்விட்டால் ஒவ்வொரு கண்ணாகத் தானே கழன்று வரும். சிப்பிகள் போயின. மணிக்கட்டு போனது. இழுக்க இழுக்கக் கை தோளை நோக்கிக் குறைந்துகொண்டே வந்தது.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. "ஏய், ஏய்! இன்னாடி பண்ற? அதுல கை வெக்காதடி!" என்று கத்தினாள். மைக்கிலிருந்தவனும் நிறுத்திவிட்டான்.

"வெக்கல" என்றேன். "வெச்சத எடுத்துட்டுப் போறேன்."

இரண்டாவது கையையும் பிரித்தேன். அவசரப்படவில்லை. பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. வெறும் தோளோடு பொம்மையை அவள் மடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஊரில் இப்போது என்னைத் திருடி என்கிறார்களாம். தாராளமாகச் சொல்லட்டும். நூல் என் கைப்பையில்தான் இருக்கிறது.